பச்சை மூடி டப்பா

ஐந்து குழந்தைகளுக்கும் ஒரே மாதிரி சாப்பாட்டு டப்பா கொடுத்து விட்டால் எனக்கு எரிச்சல் வரும். எது யாருடையது என்று ஒவ்வொன்றாகத் திறந்து மோந்து பார்த்துக்கொண்டா இருக்க முடியும்? அதனால் எலக்ட்ரீசியன் ஒட்டுகிற டேப்பை நாலைந்து கலரில் வாங்கி ஒவ்வொரு மூடியிலும் ஒரு துண்டு ஒட்டி வைத்திருந்தேன். சௌடிக்குப் பச்சை.

மேடம், விசாரணைக்கு வந்த நீங்கள் எல்லாவற்றையும் முதலிலிருந்து எழுதச் சொன்னீர்கள். பிளஸ் டூ வரை படித்திருக்கிறேன், கையெழுத்து புரியும்படிதான் இருக்கும். என் பெயர் தங்கத்தாய். பாளையம்பட்டியில் பஸ் நிறுத்தத்துக்குப் பின்தெருவில் வீடு. வீட்டுக்காரர் ஐயாத்துரை லோடு வண்டி ஓட்டுகிறார். ஏழு வருஷமாக, வேலைக்குப் போகிற பெண்களின் பிள்ளைகளை என் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்கிறேன். காலை எட்டு மணிக்கு விட்டுவிட்டுச் சாயங்காலம் ஆறு மணிக்கு வந்து தூக்கிக்கொண்டு போவார்கள். நான் ஒரு பிள்ளையையும் அடித்ததில்லை. தூங்க வைக்க மருந்து கொடுத்ததில்லை. நீங்கள் அதைத்தான் முதலில் கேட்பீர்கள் என்று தெரியும், அதனால் முதலிலேயே எழுதிவிடுகிறேன்.

சௌடி எட்டு மாதக் குழந்தையாக வந்தவள். அவள் அம்மா காளீஸ்வரி திருச்சுழிப் பக்கம் ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் டீச்சர். அப்பா பாலமணிகண்டன் தறி வைத்திருக்கிறார். வீட்டில் கன்னடம் பேசுகிற நெசவுக் குடும்பம். குலசாமி பேரைப் பிள்ளைக்கு வைத்துவிட்டு, அதைச் சுருக்கி சௌடி என்று கூப்பிடுவார்கள். நடக்கப் பழகியது என் வீட்டுச் சுவரைப் பிடித்துத்தான். வேண்டாம் என்பதற்கு அவர்கள் வீட்டில் 'பேட' என்பார்கள். ஒரு நாளைக்கு நூறு தடவை 'பேட' என்று சொல்லும் பிள்ளை அது. சோற்றைத் தவிர எல்லாவற்றுக்கும் சொல்லும். சோறு என்றால் உட்கார்ந்துவிடும்.

எனக்கு இரண்டே பேச்சுதான். பிள்ளை வராத நாளுக்குச் சம்பளத்தில் பிடிக்கக் கூடாது. நிறுத்துவதாக இருந்தால் ஒரு மாதம் முன்னால் சொல்ல வேண்டும். பிள்ளை வந்தாலும் வராவிட்டாலும் அந்த இடத்தில் நான் வேறு பிள்ளையைச் சேர்க்க முடியாது அல்லவா? யாரும் கையெழுத்துப் போட்டதில்லை, வாய்ப்பேச்சுதான். நான் லீவு போட்டால் என்ன என்பதை மட்டும் நாங்கள் யாரும் பேசவில்லை. நான் லீவே போட்டதில்லை.

மாசி மாதம் எம்.ரெட்டியபட்டியில் என் அண்ணன் சின்னச்சாமி இறந்துபோனார். ஐந்து நாள் அங்கே இருந்துவிட்டேன். அடுத்த மாதம் முதல் தேதி காளீஸ்வரி டீச்சர் கொடுத்த கவரில் இரண்டாயிரத்து ஐந்நூறுக்கு நானூற்று எண்பது ரூபாய் குறைந்தது. தவறி விட்டுப் போயிருக்கும் என்று நினைத்துச் சொன்னேன்.

"இல்லக்கா, அஞ்சு நாளுக்குக் கழிச்சிருக்கேன்," என்றார். "பிள்ளையப் பாத்துக்க லீவு போட்டதுக்கு எனக்கும் அந்த அஞ்சு நாளு சம்பளத்துல பிடிச்சிட்டாங்க. நான் எங்க போயிக் கேக்க?"

"அண்ணன் செத்துல்ல போயிருச்சு டீச்சர்."

"தெரியும்க்கா. அதான் நாங்களும் மாலை வாங்கிட்டு வந்தோம்ல்ல."

உண்மைதான், வந்தார்கள். பெரிய மாலையாகத்தான் வாங்கி வந்தார்கள். அந்த மாலையின் விலை அந்த நானூற்று எண்பதில் சேருமா சேராதா என்று அன்று சாயங்காலம் முழுக்க யோசித்துக்கொண்டிருந்தேன். இவ்வளவு சின்னப் புத்தியா என்று நீங்கள் நினைக்கலாம். இப்போது எழுதும்போது எனக்கே கூச்சமாக இருக்கிறது.

மார்ச் கடைசியில் அவர் வந்து, சௌடியை இந்த மாதத்தோடு நிறுத்துவதாகச் சொன்னார். ஜூன் மாதம் புதிதாகத் திறந்திருக்கிற மழலையர் பள்ளியில் சேர்க்கப்போகிறார்களாம். ஏப்ரலில் மாமியார் பார்த்துக்கொள்வாராம், மே மாதம் டீச்சரே வீட்டில் இருப்பாராம்.

"மே மாசச் சம்பளம் எப்பவும் உண்டுல்ல டீச்சர்," என்றேன்.

"எனக்கே மே மாசச் சம்பளம் கிடையாதுக்கா. பள்ளிக்கூடத்துல வேலை இருந்தாத்தான் காசு. போன வருசமும் கடன் வாங்கித்தான் உங்களுக்குக் குடுத்தேன்."

அது எனக்குத் தெரியாது. அவர் பொய் சொல்கிறவரும் இல்லை. ஆனால் நான் விடவில்லை. ஒரு மாதம் முன்னால் சொல்ல வேண்டும் என்பது பேச்சு, ஏப்ரல் முழுக்கப் பிள்ளையை என்னிடம் விட வேண்டும், இல்லையென்றால் அந்த மாதப் பணத்தையாவது வைக்க வேண்டும் என்றேன்.

"சரிதான்க்கா, பேசினது பேசினதுதான். ஏப்ரல் முழுக்க விடுறேன்."

இதைக் கவனித்துக்கொள்ளுங்கள் மேடம். அந்த ஒரு மாதத்தை நான்தான் கேட்டு வாங்கினேன். அவர் அன்றைக்கே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போயிருந்தால் நான் இரண்டு நாள் புலம்பிவிட்டு வேறு பிள்ளையைச் சேர்த்திருப்பேன்.

பால் மறக்கடிக்க எங்கள் பக்கம் வேப்பங்கொழுந்தை அரைத்து மார்பில் தடவுவார்கள். நானும் என் மகன் ஜெயக்குமாருக்கு அப்படித்தான் செய்தேன். இரண்டு நாள் அழுதான். மூன்றாம் நாள் கழுவித் துடைத்துவிட்டுக் கூப்பிட்டபோதும் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அதில் யாருக்கும் குற்றம் தெரியாது. எல்லாத் தாயும் செய்வதுதான். இப்போது அவன் கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறான்.

ஏப்ரல் இரண்டாம் தேதி பச்சை மூடி டப்பாவைத் திறந்தேன். தக்காளிச் சோறு, மேலே நெய் விட்டிருந்தது. எனக்கு அந்த வேப்பங்கொழுந்து ஞாபகம் வந்தது. வேப்பெண்ணெய் வாடை காட்டிக் கொடுத்துவிடும், கொழுந்து பச்சையாகத் தெரியும். காய்ச்சல் காலத்தில் இனாமாகக் கொடுத்த நிலவேம்புப் பொடி வீட்டில் கிடந்தது. அதில் கொஞ்சம் கஷாயம் வைத்து, வடிகட்டி, ஒரு கரண்டி விட்டுக் கிளறினேன். பார்க்க ஒன்றும் தெரியவில்லை.

சௌடி ஒரு வாய் வாங்கித் துப்பினாள். இன்னொரு வாய் கொடுத்தேன், அதையும் துப்பினாள். வாயைக் கழுவிவிட்டு, என் வீட்டுப் பருப்புச் சோற்றைப் பிசைந்து கொடுத்தேன். வயிறு நிறையச் சாப்பிட்டாள். பட்டினி போட்டேன் என்று யாராவது சொன்னால் அது தவறு. அந்த மாதம் அவள் ஒரு நாள்கூட என் வீட்டிலிருந்து பசியோடு போகவில்லை.

டப்பாவைப் புளி போட்டுத் தேய்த்துக் காயவைத்தேன். அவரவர் அம்மா பார்க்க ஒரு நோட்டு வைத்திருப்பேன், என்ன சாப்பிட்டார்கள், எத்தனை மணிக்குத் தூங்கினார்கள் என்று எழுதுவதற்கு. அதில் 'தக்காளிச் சோறு, முழுக்கச் சாப்பிட்டாள்' என்று எழுதினேன். சாயங்காலம் அதைப் படித்த டீச்சருக்கு முகமெல்லாம் சிரிப்பு. "காலையில அஞ்சு மணிக்கு எந்திரிச்சுச் செஞ்சேன்க்கா," என்றார்.

அப்படி இருபத்திரண்டு நாள். இட்லி, தயிர்ச் சோறு, ஒரு நாள் பிறந்தநாளுக்குச் செய்த சேமியாப் பாயசம், எல்லாவற்றிலும் ஒரு கரண்டி. இரண்டாம் வாரத்தில் கஷாயமே தேவைப்படவில்லை. பச்சை டேப்பைப் பார்த்தாலே சௌடி எழுந்து அடுத்த அறைக்குப் போய்விடுவாள். ராத்திரி வீட்டில் சரியாகச் சாப்பிடாததை, பகலில் நிறையச் சாப்பிடுவதால்தான் என்று என் நோட்டைப் பார்த்து டீச்சர் நினைத்துக்கொண்டார். ஆனாலும் நான் விடாமல் கலந்தேன். ஒரு வேலையை எடுத்தால் அரைகுறையாக விடுவது என் வழக்கம் இல்லை.

என் நினைப்பு இவ்வளவுதான். மே மாதம் வீட்டில் ஒரு வாரம் சரியாகச் சாப்பிடாமல் அடம் பிடிப்பாள். அம்மாக்காரி திணறிப்போவாள். தங்கத்தாய் அக்கா இல்லாமல் முடியாது என்று தெரியும். அந்த ஐந்து நாள் பணமும் மே மாதச் சம்பளமும் தானாக வரும். பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது, ஜெயக்குமாருக்கு என்ன ஆயிற்று என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஒரு வாரம் பன்னிரண்டு நாளாகிவிட்டது. எனக்கு வந்த சேதியெல்லாம் தெருவில் கேட்டதுதான். பிள்ளை அம்மா கையால் ஒரு பருக்கை வாங்க மாட்டேன் என்கிறது, பிஸ்கெட்டும் கடைப் பாலும்தான் உள்ளே இறங்குகிறது என்றார்கள். மல்லாங்கிணற்றுக்குக் கூட்டிப்போய் தொக்கம் எடுத்தார்கள், தொண்டையில் ஏதாவது சிக்கியிருந்தால் ஊதி எடுப்பார்களே, அது. பயந்திருக்கும் என்று கயிறு மந்திரித்துக் கட்டினார்கள். வெயிலோ நெருப்பாகக் கொட்டியது. பதிமூன்று கிலோ இருந்த பிள்ளை பதினொன்றுக்கு வந்து, இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் வைத்து குளுக்கோஸ் ஏற்றினார்கள். டாக்டர் எல்லா டெஸ்டும் எடுத்துப் பார்த்துவிட்டு உடம்பில் ஒன்றும் இல்லை என்றாராம்.

அதைக் கேட்ட அன்றைக்கே போய்ச் சொல்லியிருக்கலாம். அவர்கள் வீட்டுக்கு நடந்துபோனால் பத்து நிமிஷம். நான் போகவில்லை. அவர்களாக வரட்டும் என்று இருந்தேன்.

பதின்மூன்றாம் நாள் காலையில் டீச்சர் வந்தார். இடுப்பில் சௌடி. பிள்ளையின் கையில் ஊசி போட்ட இடத்தில் பஞ்சு ஒட்டியிருந்தது. டீச்சரைப் பார்க்கவே சகிக்கவில்லை, தலைகூடச் சீவவில்லை.

"அக்கா, உங்க கையில சாப்பிடுறாளான்னு ஒரு வாட்டி பாருங்கக்கா," என்றார்.

பருப்புச் சோறு பிசைந்தேன். இரண்டு தட்டு சாப்பிட்டாள். டீச்சர் வாசல் கதவைப் பிடித்துக்கொண்டு அழுதார். அழுதுமுடித்துப் போகும்போது ஒரு கவரைச் சாமி படத்துக்குக் கீழே வைத்தார். திறந்து பார்த்தேன். மே மாதச் சம்பளம் முழுசாக இருந்தது, அதோடு நானூற்று எண்பது ரூபாயும் இருந்தது. நான் கேட்டதற்கு மேலே ஒரு ரூபாய் இல்லை, கீழேயும் இல்லை. கணக்கில் அவ்வளவு நேர்மையான பெண். நான் அதை எடுத்து அரிசி டப்பாவில் வைத்தேன். வெட்கம் என்றால் என்னவென்று அப்போது தெரிந்திருக்க வேண்டும். தெரியவில்லை. இப்போதுதான் உடம்பெல்லாம் கூசுகிறது.

அன்றிலிருந்து மூன்று வேளையும் நானே அவர்கள் வீட்டுக்குப் போய் ஊட்டினேன். சௌடிக்குக் கன்னம் வைத்தது. டீச்சர் மட்டும் இளைத்துக்கொண்டே போனார். தான் சமைத்ததைத் தானே கிண்ணம் கிண்ணமாக ருசி பார்ப்பார். பாத்திரத்தையெல்லாம் மாற்றினார். மசாலாப் பொடி அத்தனையையும் கொட்டிவிட்டுப் புதிதாக அரைத்தார். அவர் மாமியார் என்னிடமே சொன்னார்: "பெத்தவ கைச்சோறு வேண்டாங்கிற பிள்ளைய நான் கண்டதே இல்ல தாயி. இவகிட்ட என்னமோ இருக்கு." டீச்சர் அடுப்படியில் நின்று அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

மே கடைசி வாரத்தில் ஒரு கடிதத்தைக் கொண்டுவந்து காட்டினார். பள்ளிக்கூட வேலையை விடுவதாக எழுதியிருந்தது.

"எட்டு மாசத்துல பிள்ளைய விட்டுட்டுப் போனேன்ல்லக்கா, அதுக்குத்தான் இந்தத் தண்டனை," என்றார். "இனிமே வீட்டுலயே இருந்து பாத்தா சரியாயிருவாளா?"

அந்த முகத்தைப் பார்த்து மனசு பொறுக்காமல் சொன்னேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. ஓரளவு அதுவும் உண்டு. ஆனால் அவர் வேலையை விட்டுவிட்டால் சௌடியை யாரிடமும் விட வேண்டிய தேவை இருக்காது. அதுவும் என் மனசில் ஓடியது. எது முதலில் ஓடியது என்று என்னால் சொல்ல முடியவில்லை.

"வேலைய விட வேண்டாம் டீச்சர்," என்றேன். "தப்பு என் பேர்லதான். ஏப்ரல் மாசம் அவ வயித்துல பூச்சி இருக்க மாதிரித் தெரிஞ்சுச்சு. நல்லதுக்குத்தானன்னு நீங்க குடுத்து விட்ட சோத்துல நிலவேம்பு கலந்தேன். அந்தக் கசப்பு ஒங்க சோத்து மேல நின்னு போச்சு போல."

திட்டுவார் என்று நினைத்தேன். அவர் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "அப்ப என் மேல ஒண்ணும் இல்லியாக்கா? என் கை மேல ஒண்ணும் இல்லியா?" என்று கேட்டுக் கேட்டு அழுதார். கடிதத்தை நான்காகக் கிழித்தார். பிறகு டீச்சர்தானே, வழியும் அவரே கண்டுபிடித்தார். நீங்கள் கொடுப்பதில் கசப்பைக் கலந்து கொடுங்கள், நான் பக்கத்தில் இனிப்பாக வைத்துக்கொண்டு உட்காருகிறேன், அவளாக என் பக்கம் திரும்புவாள் என்றார்.

நானும் ஒப்புக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். தறி ஓடவில்லை, வீடு அமைதியாக இருந்தது. பாலமணிகண்டன் கதவோரம் நின்றார். டீச்சர் சீனி போட்ட பால் சோற்றை ஒரு கிண்ணத்தில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். நான் பருப்புச் சோற்றில் கஷாயம் விட்டுப் பிசைந்தேன். ஏமாற்றவில்லை மேடம், இரண்டு கரண்டி விட்டேன்.

சௌடி முதல் வாயை வாங்கினாள். முகம் சுருங்கியது. துப்பப்போகிறாள் என்று டீச்சர் கிண்ணத்தோடு முன்னால் நகர்ந்தார். அவள் துப்பவில்லை. கண்ணில் தண்ணீர் நிறைய, மென்று விழுங்கினாள். இரண்டாவது வாயையும் விழுங்கினாள். மூன்றாவது வாய்க்கு என் முகத்தையே பார்த்துக்கொண்டு விழுங்கிவிட்டுக் கேட்டாள்.

"பெரியம்மா, அம்மா மாதிரி ஒனக்கும் என்னயப் பிடிக்காமப் போச்சா?"

டீச்சர் கிண்ணத்தைத் தரையில் வைத்தார். "அம்மாவுக்கு ஒன்னயப் பிடிக்கலைன்னு யாருடா சொன்னா?" என்று கேட்டார். மெதுவாகத்தான் கேட்டார். சௌடி, சொல்லலாமா என்று என்னைப் பார்த்தாள்.

இதுவரை எழுதாத ஒன்று இருக்கிறது. நிலவேம்பை மட்டும்தான் உங்களிடமும் சொன்னேன், அவர்களிடமும் சொன்னேன். நிலவேம்பு அந்த வேலையைச் செய்யவில்லை. கசந்த சோற்றை என் கையிலிருந்து அவள் வாங்கி விழுங்கியதை மூன்று பேரும் கண்ணால் பார்த்தோம். ஏப்ரல் மாதம் இருபத்திரண்டு நாளும், அவள் துப்பியதைத் துடைத்துவிட்டு, மடியில் உட்காரவைத்து அவள் காதில் சொன்னேன். "அம்மாவுக்கு ஒன்னயப் பிடிக்கலைடா தங்கம். அதான் கசக்கக் கசக்கச் செஞ்சு விடுறா. அவகிட்டச் சொல்லிராத, சொன்னா இன்னும் கசக்க வைப்பா. ஒன்னயப் பிடிச்சது பெரியம்மாவுக்கு மட்டுந்தான்." ஒரு நாளும் குரலை உயர்த்தியதில்லை. தாலாட்டு மாதிரிதான் சொன்னேன். அந்தப் பிள்ளை அதை நம்பிக்கொண்டு, ஆஸ்பத்திரியில் ஊசி குத்தும்போதுகூட யாரிடமும் சொல்லாமல், தன்னைப் பிடிக்காத அம்மாவோடு வீட்டில் இருந்திருக்கிறது. மூன்று வயது. நானூற்று எண்பது ரூபாய்.

மறுநாளே மற்ற நாலு பிள்ளைகளையும் நிறுத்திவிட்டார்கள். ஒருவரும் ஒரு மாதம் முன்னால் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கலர் டேப் ஒட்டிய மூடிகளில் ஒன்று மட்டும் இங்கேயே தங்கிவிட்டது. சௌடி இப்போது சாப்பிடுகிறாளா என்று உங்களிடம் கேட்டேன், நீங்கள் பதில் சொல்லவில்லை. கேட்கிற தகுதி எனக்கு இல்லை என்பது தெரியும்.

அன்றைக்கு நடந்ததில் மீதி ஒன்றுதான். சொல்லலாமா என்று சௌடி என்னைப் பார்த்தாள் அல்லவா, நான் வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். பழக்கத்தில் ஆட்டிவிட்டேன். டீச்சர் அதைப் பார்த்துவிட்டார். சௌடி வாயை இறுக்க மூடிக்கொண்டாள். பெற்றவள் எதிரில் உட்கார்ந்து கேட்டும், பிள்ளை என் சொல்லைத்தான் கேட்டது என்று அந்த நேரத்திலும் எனக்குக் கொஞ்சம் பெருமையாக இருந்தது.